அக்காவின் பல்லை வெளுத்த பதினாறு நாள்

எனக்குச் சளி பிடித்தாலும் சரி, காது வலித்தாலும் சரி, டாக்டர் சீட்டு எழுதி முடித்ததும் அம்மா ஒரு கேள்வி கேட்பாள். "இது பல்ல ஒண்ணும் பண்ணாதுல்ல டாக்டர்?" கண்ணுக்குச் சொட்டு மருந்து எழுதிக் கொடுத்தவரிடமும் இதையே கேட்டிருக்கிறாள். அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு அம்மாவைக் கொஞ்ச நேரம் பார்த்தார். வீட்டுக்கு வந்ததும் அப்பா அந்த டாக்டர் போலவே பேனாவைக் கீழே வைத்து நடித்துக் காட்டினார். நானும் அக்காவும் விழுந்து விழுந்து சிரித்தோம். அக்கா வழக்கம்போல வாயைக் கையால் மூடிக்கொண்டு சிரித்தாள். அம்மா சிரிக்கவில்லை. வீட்டுக்கு ஒருவருக்கு ஏதாவது ஒரு கிறுக்கு இருக்கும், எங்கள் வீட்டில் அது அம்மாவுக்கு இருக்கிறது என்று நான் நினைத்துக்கொண்டேன்.

எனக்கும் அக்காவுக்கும் பன்னிரண்டு வயது வித்தியாசம். இரண்டாயிரத்து நான்கிலோ ஐந்திலோ, நான் ஐந்தாம் வகுப்பில் இருந்தபோது, அக்கா பி.காம். முடித்துவிட்டு ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் பாடம் எடுத்துக்கொண்டிருந்தாள். மூலக்குளத்தில் எங்கள் தெருவிலேயே அழகி அவள்தான். வாயைத் திறக்காதவரை என்று அதோடு சேர்த்துச் சொல்வார்கள், அதுவும் அவள் காதில் விழுகிற மாதிரி. முன்பல் வரிசை முழுக்கப் பழுப்பும் சாம்பலும் கலந்து பட்டை பட்டையாகக் கோடு ஓடியிருக்கும், மழைத் தண்ணீர் வடிந்து வடிந்து சுவரில் கறை விழுமே, அந்த மாதிரி. அதனால் பேசும்போது அவள் கை தானாக வாய்க்குப் போய்விடும். அழகான பெண்கள் எல்லாரும் அப்படித்தான் பேசுவார்கள் போலிருக்கிறது என்று நானும் கண்ணாடி முன்னால் நின்று கையால் வாயை மூடிப் பேசிப் பார்த்திருக்கிறேன். எனக்கு அது தும்மல் வந்தவள் மாதிரி இருந்தது.

அந்த ஆகஸ்ட் மாதத்தில்தான் சொல்தா வீட்டு அத்தை ஒரு வரன் கொண்டுவந்தாள். அத்தையின் வீட்டுக்காரர் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். எங்கள் ஊரில் அப்படிப்பட்டவரைச் சொல்தா என்பார்கள். மூன்று வீடு தள்ளி இருந்தாலும் அத்தைக்குப் பாதி சொந்தம் பிரான்சில்தான். மாப்பிள்ளை அங்கேயே பிறந்து வளர்ந்தவர். விடுமுறைக்கு அம்மாவும் பிள்ளையும் வந்திருக்கிறார்கள், அக்காவின் போட்டோவைப் பார்த்துப் பிடித்துப்போய்விட்டது, அடுத்த வாரத்துக்கு அடுத்த ஞாயிறு வந்து பார்ப்பார்கள் என்றாள் அத்தை.

அம்மா சந்தோஷத்தில் அத்தைக்குக் காபி போட எழுந்தாள். அடுத்த நிமிடமே முகம் சுண்டிவிட்டது. அந்தப் போட்டோ ஸ்டுடியோவில் எட்டுத் தடவை எடுத்து, எட்டிலும் அக்கா உதட்டை இறுக்கி மூடியிருந்த போட்டோ. உதட்டுக்குப் பின்னால் இருப்பது பிரான்சுக்காரர்களுக்குத் தெரியாது.

கேலண்டரைப் பார்த்தோம். பதினாறு நாள் இருந்தது.

பயப்படுவதில் எங்கள் வீட்டில் என்னை மிஞ்ச ஆள் கிடையாது. பல்லி விழுந்தால் பயம், பரீட்சைத் தாளில் பெயர் எழுத மறந்துவிட்டேனோ என்று பயம், அப்பா வர ஐந்து நிமிடம் தாமதமானால் பயம். இப்போது எல்லாவற்றையும் ஓரம் கட்டிவிட்டு ஒரே பயம் வந்து உட்கார்ந்துகொண்டது. அக்காவின் பல் வெளுக்காவிட்டால் அவளை வேண்டாம் என்று சொல்லிவிடுவார்கள். அப்படிச் சொன்னால் அக்கா என்ன ஆவாள், அம்மா என்ன ஆவாள் என்று நினைத்துக்கொண்டே இருந்தேன். பள்ளிக்கூடத்தில் பாதிப் பாடம் நான் கழிப்பறையில்தான் கேட்டேன்.

முதலில் வந்தது உமிக்கரியும் உப்பும். அப்பா வில்லியனூர் அரிசி மில்லிலிருந்து ஒரு பை நிறைய வாங்கி வந்தார். அக்காவைப் பின்கட்டில் ஒரு பலகையில் உட்கார வைத்து அம்மாவே விரலால் தேய்த்தாள். இருபத்திரண்டு வயதுப் பெண்ணுக்கு அம்மா பல் தேய்த்துவிடுவதைப் பார்க்க எனக்குச் சிரிப்பு வந்தது, ஆனால் அம்மாவின் முகத்தைப் பார்த்ததும் அடங்கிவிட்டது. மூன்று நாளில் ஈறு புண்ணாகி அக்கா இட்லியைக்கூட ஒரு பக்கமாக மென்றாள். கோடு அப்படியே இருந்தது.

அடுத்தது வாழைப்பழத் தோல். உள்பக்கத்தை வைத்துத் தேய்க்க வேண்டும் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். வீடு முழுக்க எறும்பு வந்ததுதான் மிச்சம். பிறகு சொல்தா வீட்டு அத்தை பிரான்சிலிருந்து வந்த ஒரு பற்பசையை, ஏதோ பூஜைப் பிரசாதம் போல இரண்டு கையாலும் கொடுத்துவிட்டுப் போனாள். நீலமாக இருந்தது. தேய்த்துக் கொப்பளித்த கையோடு பல் நிஜமாகவே வெளுத்த மாதிரி தெரிந்தது. அம்மா சாமி படத்தைப் பார்த்துக் கும்பிட்டாள். ஒரு டம்ளர் காபி உள்ளே போனதும் எல்லாம் பழையபடி ஆனது.

அதன் பிறகு ஆப்ப சோடாவில் எலுமிச்சைச் சாறு பிழிந்து குழைத்துப் பூசினாள். அது நுரைத்துக்கொண்டு பொங்கியது. அதுதான் வேலை செய்கிறது என்று அம்மா அடித்துச் சொன்னாள். இரண்டு நாளில் அக்காவால் பச்சைத் தண்ணீர் குடிக்க முடியவில்லை, பல் கூசிக் கண்ணில் தண்ணீர் வந்தது. மருந்துக் கடையில் காதில் விடுவதற்கு விற்பார்களே, நுரைக்கிற மருந்து, அதையும் தண்ணீரில் கலந்து கொப்பளிக்க வைத்தாள். உதட்டோரம் தோல் வெளுத்து எரிந்தது. பல்லைத் தவிர மற்ற எல்லாம் வெளுத்தது.

இந்த வைத்தியத்தில் எனக்கும் ஒரு வேலை இருந்தது. என் பல் பளிச்சென்று இருக்கும். அம்மாவுக்கு அதில் தனிப் பெருமை, எனக்கும்தான். தினமும் சாயங்காலம் ஐந்து மணிக்கு, மேற்கு ஜன்னலில் வெயில் இருக்கும்போதே, எங்கள் இருவரையும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார வைப்பாள். கன்னத்தோடு கன்னம் ஒட்டி, இரண்டு பேரும் 'ஈ' என்று பல்லைக் காட்ட வேண்டும். அம்மா என் பல்லைப் பார்ப்பாள், அக்கா பல்லைப் பார்ப்பாள், மறுபடி என் பல்லைப் பார்ப்பாள். ஜவுளிக்கடையில் புடவைக்கு ரவிக்கைத் துணி ஒத்துப்போகிறதா என்று வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்ப் பார்ப்பார்களே, அப்படி. அக்காவின் கன்னம் சூடாக இருக்கும். அவளுக்கு அவமானமாக இருக்கும் என்று அப்போது எனக்குத் தோன்றவே இல்லை. பல்லை நன்றாகக் காட்டுவதில் மும்முரமாக இருந்தேன்.

பல் டாக்டரிடம் காட்டலாமே என்று அப்பா ஒரு நாள் சொன்னார். ஊரில் தெருவுக்குத் தெரு பல் டாக்டர்கள் இருந்தார்கள். அம்மா சட்டென்று, "அதெல்லாம் ஒண்ணும் வேணாம்" என்றாள். ஏன் என்று அப்பா கேட்டதற்கு, "வேணாம்னா வேணாம், உடுங்க" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். என்னைத் தும்மலுக்கே டாக்டரிடம் தூக்கிக்கொண்டு ஓடுகிறவள் அம்மா. அவள் டாக்டர் வேண்டாம் என்று சொன்னது எனக்குப் புதிராக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமைக்கு ஆறு நாள் இருந்தபோது, தோழியிடம் புத்தகம் வாங்கி வருவதாகச் சொல்லிவிட்டு அக்கா மொபெட்டை எடுத்தாள். நானும் பின்னால் ஏறிக்கொண்டேன். லாஸ்பேட்டையில் போய் நின்ற இடத்தில் தோழியும் இல்லை, புத்தகமும் இல்லை. மாடியில் ஒரு பல் மருத்துவமனை. நான் படிக்கட்டிலேயே நின்றுவிட்டேன். பல்லைப் பிடுங்கத்தான் வந்திருக்கிறாள் என்று முடிவே கட்டிவிட்டேன்.

டாக்டர் சின்ன வயதுப் பெண். அக்காவின் வாயில் விளக்கைக் காட்டிப் பார்த்தார். ஒரு அட்டையில் வெள்ளையிலிருந்து பழுப்புவரை வரிசையாகப் போலிப் பற்கள் செருகியிருந்தன. அதை ஒவ்வொன்றாக அக்காவின் பல்லோடு வைத்துப் பார்த்தார். வீட்டில் நான் செய்கிற வேலையை இங்கே ஒரு அட்டை செய்துகொண்டிருந்தது. பிறகு வீட்டில் என்னென்ன போட்டீர்கள் என்று கேட்டார். அக்கா சொல்லச் சொல்ல அவருக்கு முகம் மாறியது.

"சோடாவும் எலுமிச்சையும் இன்னியோட நிறுத்துங்க. பல்லு மேல இருக்குற பூச்சே தேஞ்சிடும். உமிக்கரி, பேஸ்ட்டு எல்லாம் காபிக் கறை, டீக் கறைக்குத்தான் கொஞ்சம் கேக்கும். உங்களுது மேல ஒட்டுன கறை இல்லங்க, உள்ளேந்து வந்தது" என்றார்.

குழந்தைக்கு ஒன்று, இரண்டு வயதில், ஈறுக்குள்ளே பல் உருவாகிக்கொண்டிருக்கும் காலத்தில், காய்ச்சலுக்கு ஒரு மருந்து கொடுத்திருப்பார்கள். ஒரு தடவை இல்லை, பல தடவை. அது பல்லுக்குள்ளேயே போய்த் தங்கிவிடும். அந்தக் காலத்தில் நிறையப் பேருக்குக் கொடுத்தார்கள், பலருக்கு விஷயம் தெரியாது. இப்போது குழந்தைகளுக்குக் கொடுப்பதில்லை. அவர் சொன்னது இவ்வளவுதான். பல்லின் அச்சு எடுத்து, அதில் ஒரு களிம்பு வைத்து மாதக்கணக்கில் மாட்டிக்கொண்டால் ஓரளவு மங்கும், ஆறு நாளில் எதுவும் நடக்காது என்றும் சொன்னார்.

"அம்மாவ ஒரு தடவ கூட்டிட்டு வாங்களேன். என்ன மருந்து, எவ்ளோ நாள் குடுத்தாங்கன்னு கேட்டுக்கலாம்."

"இல்லங்க டாக்டர், அம்மா வேணாம்" என்றாள் அக்கா.

கீழே இறங்கி வந்தும் அக்கா மொபெட்டைக் கிளப்பவில்லை. சீட்டில் உட்கார்ந்து, எதிரே போகிற பஸ்ஸையும் சைக்கிளையும் பார்த்துக்கொண்டே இருந்தாள். பல்லைப் பிடுங்காமல் விட்டதில் எனக்குப் பாதி உயிர் திரும்பியிருந்தது. போகலாம் என்று அவள் முதுகைத் தட்டினேன். அவள் திரும்பி என் கையைப் பிடித்து, "இங்க வந்தத அம்மாகிட்ட சொல்லாத. அந்த டாக்டர் சொன்னத எப்பவுமே சொல்லாத. சத்தியம் பண்ணு" என்றாள். பண்ணினேன். அம்மா வேண்டாம் என்று சொல்லியும் வந்துவிட்டாள் அல்லவா, திட்டு விழும், அதற்காகத்தான் என்று எண்ணிக்கொண்டேன்.

அன்று சாயங்காலம் அம்மா கிண்ணத்தில் சோடாவைக் கொட்டினாள். இனிமேல் வேண்டாம் என்று அக்கா சொல்வாள் என்று நான் காத்திருந்தேன். அவளோ போய் உட்கார்ந்து வாயைத் திறந்தாள். அம்மா பூசினாள். அவள் அந்தப் பக்கம் திரும்பியதும் அக்கா எழுந்து குழாயடிக்குப் போய்த் துப்பிவிட்டு, பத்து நிமிடம் கழித்துக் கொப்பளிப்பது போலச் சத்தம் காட்டினாள். ஜன்னலோரத்தில் எங்கள் இருவர் கன்னமும் ஒட்டியபோது, அவள் பல்லை முன்பைவிடப் பெரிதாகக் காட்டினாள்.

"இன்னிக்கு கொஞ்சம் தேவல இல்லம்மா?"

அம்மா உற்றுப் பார்த்தாள். "ஆமாண்டி. ஓரத்துல கொஞ்சம் வெளுத்த மாறிதான் கீது." பிறகு என் பக்கம் திரும்பி, "நீ சொல்லுடி" என்றாள்.

டாக்டர் சொன்னது எல்லாம் நாக்கு நுனியில் நின்றது. போகாது அம்மா, எவ்வளவு தேய்த்தாலும் போகாது. அக்காவின் விரல் என் இடுப்பில் ஒரு அழுத்து அழுத்தியது. "வெளுத்திருக்கும்மா" என்றேன். அடுத்த ஐந்து நாளும் இதே கேள்வி, இதே பதில். அம்மா ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கொஞ்சமாகத் தெம்பானாள். நான் ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கொஞ்சமாகச் சோறு குறைத்தேன். போகாது என்று தெரிந்துகொண்டே அக்கா ஏன் போய்ப் போய் அந்தப் பலகையில் உட்காருகிறாள் என்பது எனக்கு விளங்கவே இல்லை. ஞாயிற்றுக்கிழமை குட்டு வெளிப்படும்போது என்னையும் சேர்த்துத்தானே அடிப்பார்கள்?

ஞாயிறு வந்தது. மாப்பிள்ளையின் அம்மா குட்டையாக, வாசனையாக இருந்தாள். மாப்பிள்ளை நெட்டையாக இருந்தார். எங்கள் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, மின்விசிறியின் கீழேயும் வியர்த்துக்கொண்டிருந்தார். சொல்தா வீட்டு அத்தை இரண்டு பக்கத்துக்கும் நடுவில் உட்கார்ந்து தானே பேசி, தானே சிரித்தாள். "சிரிச்சா ஒதட்ட மூடிக்கினு சிரி" என்று அம்மா காலையிலிருந்து பத்துத் தடவை அக்காவுக்குச் சொல்லியிருந்தாள். அக்கா காபியை வைத்துவிட்டு அப்படியே உட்கார்ந்திருந்தாள். நான் கதவுப் பக்கம் நின்றேன். மாப்பிள்ளையின் அம்மா என்னைக் கூப்பிட்டுத் தங்கக் காகிதம் சுற்றிய ஒரு சாக்லேட்டைக் கையில் வைத்தாள். "சாப்புடு, சாப்புடு" என்றாள்.

பிரித்துக்கொண்டிருந்தபோதே மாப்பிள்ளை அக்காவைப் பார்த்து, "நீங்க பேசவே மாட்டீங்களா? நான் அவ்ளோ பயம் மாதிரி இருக்கேனா?" என்றார், உடைந்த தமிழில்.

அக்கா அம்மாவை ஒரு தடவை பார்த்தாள். பிறகு சிரித்தாள். உதட்டை மூடிக்கொண்டு அல்ல. கையும் வாய்க்குப் போகவில்லை. ஜன்னலோரத்தில் எங்களுக்குக் காட்டியதைவிடப் பெரிய சிரிப்பு. எல்லாம் தெரிந்தது.

மாப்பிள்ளையின் அம்மா மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, கோபமாக ஒன்றும் இல்லை, நிஜமாகவே தெரிந்துகொள்ள வேண்டும் என்பதுபோலக் கேட்டாள். "பல்லுல அது என்னாம்மா, கோடு கோடா?"

அம்மா எழுந்து நின்றுவிட்டாள். முந்தானையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தாள். "அது வந்துங்க... இவ கைக்குழந்தையா இருக்கச்சே, நாந்தான்..." என்று தொடங்கினாள்.

"தண்ணிங்க அத்தை" என்றாள் அக்கா, மாப்பிள்ளையின் அம்மாவிடம். "எங்க வீட்டு போர் தண்ணி. அதைக் குடிச்சி வளந்தா இப்டித்தான் ஆயிடும்."

அம்மா மெல்லத் திரும்பி அக்காவைப் பார்த்தாள். அக்கா அம்மாவைப் பார்க்கவில்லை. எல்லாரும் என்னைப் பார்த்தார்கள், அதே தண்ணீரைக் குடித்து வளர்ந்த இன்னொரு பெண் கதவோரம் நின்றுகொண்டிருந்தாள் அல்லவா.

"அப்படியா? சின்னது, நீ கொஞ்சம் சிரி, பாக்கலாம்" என்றாள் மாப்பிள்ளையின் அம்மா.

நான் வாயை மூடினேன். என் வாழ்நாளில் அவ்வளவு இறுக்கமாக வாயை மூடியதில்லை. உதடு உள்ளே மடிந்து பல்லில் குத்தியது. அவள் சாக்லேட்டைக் காட்டிச் சாப்பிடு என்றாள், தலையை ஆட்டினேன். சொல்தா வீட்டு அத்தை என் கன்னத்தைக் கிள்ளினாள், மூக்கால் மூச்சு விட்டுக்கொண்டு நின்றேன். மாப்பிள்ளை பிரெஞ்சில் ஏதோ சொல்லி முகத்தைக் கோணல் செய்து காட்டினார், அப்போதும் திறக்கவில்லை. "அவளுக்கு வெக்கம்" என்று அப்பா சொன்னார். அவர்கள் கிளம்பிப் போகும்வரை, பிறகு கார் திரும்பும்வரை, நான் வாயைத் திறக்கவில்லை. சாக்லேட் என் கையிலேயே உருகி விரலிடுக்கில் வழிந்தது.

கார் போனதும் ஓடிப்போய் அக்காவிடம், "காட்டவே இல்லக்கா, ஒரு பல்லுகூடக் காட்டல" என்றேன். அந்தக் கல்யாணத்தை நான் ஒருத்திதான் காப்பாற்றிவிட்டேன் என்று நினைப்பு. அக்கா என்னை இழுத்து இறுக்கிக் கட்டிக்கொண்டாள். அவள் புடவையெல்லாம் சாக்லேட் ஆனது. அதற்கும் யாரும் திட்டவில்லை. அம்மா பின்கட்டில் பலகையில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள். அக்கா போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தாள். பல்லைக் காட்டிவிட்டாள் என்று அம்மா அழுகிறாள் என்று நினைத்தேன்.

நான்கு நாள் கழித்து, பையனுக்கு அங்கேயே ஒரு இடம் அமைகிற மாதிரி இருக்கிறது என்று சொல்தா வீட்டு அத்தை வந்து சொன்னாள். அம்மா சரி என்று சொல்லிவிட்டு அத்தைக்குக் காபி போடப் போனாள். ஜன்னலோரத்துக்கு எங்களை அதன் பிறகு கூப்பிடவே இல்லை. உமிக்கரிப் பை செடிக்குப் போயிற்று. சத்தியம் செய்திருந்தேனே, டாக்டர் சொன்னதை நான் அம்மாவிடம் சொல்லவில்லை. இன்றுவரை சொல்லவில்லை.

அடுத்த மாதம் எனக்குக் காய்ச்சல் வந்தது. அம்மாவும் அக்காவும் சேர்ந்துதான் என்னை டாக்டரிடம் கூட்டிப் போனார்கள். அவர் சீட்டு எழுதி முடித்தார். அம்மா வழக்கம்போலத் தொடங்கினாள். "டாக்டர், இது பல்ல..."

அக்கா அம்மாவின் கையைப் பிடித்தாள். "ஒண்ணும் பண்ணாதும்மா" என்றாள். "ஒண்ணும் பண்ணல."

அம்மா அந்தக் கையை விடவே இல்லை. மருந்துக் கடையிலும் விடவில்லை, பஸ்ஸிலும் விடவில்லை. டாக்டர் வாயைத் திறப்பதற்கு முன்னால் அக்காவுக்கு இதெல்லாம் எப்படித் தெரியும் என்று நான் யோசிக்கவில்லை. இருவர் மடியிலும் பாதிப் பாதி படுத்துக்கொண்டு, மருந்து கசக்குமா என்று மட்டும் பயந்துகொண்டே வந்தேன்.